பீனிக்ஸ் லைவ்வியூ: உப்புவெளி விடுதியில் ஒரு சீசன் பாவித்த பிறகு

உப்புவெளியில் 12 அறை உள்ள ஒரு விடுதிக்கு அறைப் பதிவு செயலி எழுதிக் கொடுத்தேன். திருகோணமலையில் கடல் அமைதியாகும் மே முதல் செப்டெம்பர் வரைதான் சீசன். அந்த ஐந்து மாதமும் அது ஓடியது பீனிக்ஸ் லைவ்வியூவில், அதாவது எலிக்சர் என்ற நிரல்மொழியில் வெப் செயலி எழுத உதவும் கருவித்தொகுப்பில். 2024 டிசம்பரில் அதன் 1.0 பதிப்பு வெளிவந்த பிறகுதான் நம்பித் தொட்டேன்.

ஜாவாஸ்கிரிப்ட் கிட்டத்தட்ட எழுதவே இல்லை. திறந்திருக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் சேர்வரில் ஒரு எலிக்சர் ப்ரொசெஸ் (தனித்து ஓடும் சிறு வேலை) இருக்கிறது. யார் எந்தத் திகதியைப் பார்க்கிறார், எந்த அறையைத் தொட்டார் என்பதெல்லாம் அதன் கையில். மாறிய துண்டு மட்டும் வெப்சொக்கெட் என்ற, தொடர்ந்து திறந்திருக்கும் இணைப்பு வழியே போனுக்கு வருகிறது. ரிசெப்ஷனில் விடுதிக்கார அண்ணன் 7ஆம் அறையைப் பதிந்தால், நிலாவெளியில் விருந்தினரோடு நிற்கிற அவரது மகனின் போனில் உடனே அந்தக் கட்டம் சிவக்கிறது. பப்சப் (ஒரு மாற்றத்தைக் கேட்டிருக்கும் பக்கங்களுக்கெல்லாம் அறிவிக்கும் வசதி) சேர்த்து இதைச் செய்ய எனக்குச் சில வரிகள்தான் தேவைப்பட்டன. முதல் நாள் அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

ஜூனில் ஒரு நாள் அண்ணன் கோல் எடுத்தார். "தம்பி, கடற்கரைக்கு இறங்கினா நான் பார்த்துக்கொண்டிருந்த கிழமை போய், திரும்ப இன்றைய திகதி வந்து நிக்குது." வைஃபை விட்டு டேட்டாவுக்கு மாறும்போது இணைப்பு அறுந்து, பழைய ப்ரொசெஸ் போய், மவுண்ட் (பக்கத்தைத் தொடக்கி வைக்கும் ஃபங்ஷன்) புதிதாக ஓடியிருக்கிறது. பிழை என்னுடையது. திகதியையும் எந்த மாடி என்பதையும் அசைன்ஸில், அதாவது அந்த ப்ரொசெஸின் நினைவில், மட்டும் வைத்திருந்தேன். இரண்டையும் பக்க முகவரிக்குள் கொண்டுபோனேன். திகதியைத் தட்டினால் புஷ் பாட்ச் முகவரியை மாற்றும், ஹேண்டில் பராம்ஸ் அதைப் படித்துப் பக்கத்தை அமைக்கும். அன்றோடு தொல்லை நின்றது. வட்ஸப்பில் லிங்க் அனுப்பினால் மகனுக்கும் அதே கிழமைதான் திறக்கிறது. பாதி நிரப்பிய படிவத்தை, அதற்கு ஐடியும் மாற்ற நிகழ்வும் (phx-change) கொடுத்திருந்தால், லைவ்வியூ தானாகவே மீட்டுத் தரும்.

பகுதி பகுதியாகப் பிரிக்கும்போது அவதானம் வேண்டும். பக்கத்துக்குள் ஒரு பகுதியாக வைக்கும் லைவ் கொம்பொனென்டுக்குத் தனி நிலை (தன் சொந்தத் தரவு) உண்டு, தனி ப்ரொசெஸ் இல்லை. ஒரு பகுதி பிழையால் விழுந்தால் பக்கம் முழுவதும் விழுந்துதான் எழும்பும். நாட்காட்டியையும் விருந்தினர் படிவத்தையும் மட்டும் அப்படிப் பிரித்தேன். வெறுமனே காட்டுகிற அறைக் கட்டங்களுக்கு தனி நிலை இல்லாத ஃபங்ஷன் கொம்பொனென்ட் தாராளமாகப் போதும். பக்கம் முதலில் திறக்கும்போது மவுண்ட் இரண்டு தரம் ஓடும், முதல் எச்டிடிபி கோரிக்கைக்கு ஒன்று, வெப்சொக்கெட் இணைப்புக்கு ஒன்று. பாரமான டேட்டாபேஸ் வேலையை இரண்டாவதில் வையுங்கள்.

இணையம் இல்லாவிட்டால் இது அசையாது. புறாத் தீவுக்கு ஆட்களை ஏற்றுகிற படகுக்காரருக்கும் இதையே எழுதித் தரச் சொல்லி அண்ணன் கேட்டார். மறுத்துவிட்டேன். சிக்னல் வந்து வந்து போகிற கடலில், பதிவைப் போனுக்குள்ளேயே வைத்திருந்து கரைக்கு வந்ததும் அனுப்புகிற செயலிதான் அவருக்கு வேண்டும்.