ஞாயிறு மூணு மணிக்கு ஒரு மணி நேரம் சும்மா: குவேக்கர்களின் இணைய மௌனக் கூட்டம்

பட்டினத்தார் அடங்கிய ஊரில் இருந்துகொண்டு சும்மா உட்கார இங்கிலாந்துக்காரனிடம் போகிறாயா என்று அக்கா கேட்டாள். கேள்வி நியாயம்தான். எங்கள் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டை. பகலென்றும் ராத்திரியென்றும் இல்லாமல் கன்டெய்னர் லாரி போகும். கோயிலுக்குப் போனாலும் மணிச் சத்தம்.

நான் படித்தது வேப்பேரி பென்டிங்க் பள்ளியில். 1928-ல் அங்கே பாடம் நடத்த வந்த மார்ஜரி சைக்ஸ் பற்றி ரொம்ப வருஷம் கழித்துத்தான் வாசித்தேன். பிறகு சாந்திநிகேதன், காந்தியின் சேவாகிராமம் என்று போய், 1960-களில் நாகாலாந்துப் போர்நிறுத்தத்தைக் கண்காணித்த குழுவிலும் இருந்தவர். அவர் குவேக்கர். அப்படியென்றால் என்ன என்று தேடினேன். இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு, மௌனமாகக் கூடி உட்காருவதே அவர்கள் வழிபாடு. அப்படித்தான் அவர்களுடைய இந்த இணையக் கூட்டத்தில் மாட்டினேன். (ஓட்ஸ் பாக்கெட்டில் தொப்பி போட்ட தாத்தா வேறு. அந்தக் கம்பெனிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை.)

கட்டணம் கிடையாது. மனசிருந்தால் நன்கொடை. பெயர் பதிந்தால் லிங்க் வருகிறது. இங்கிலாந்தில் காலை பத்தரை, நமக்கு மத்தியானம் மூணு. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் குழம்பு சாப்பிட்டுவிட்டு மூணு மணிக்குக் கண்ணை மூடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரம் தூங்கிவிட்டேன். யாரும் எழுப்பவில்லை. அதுவே எனக்குப் பிடித்தது.

பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. (கென்யாவில் குவேக்கர்கள் அதிகம். அங்கே பாட்டும் போதகரும் உண்டாம்.) திரையில் இருபது முப்பது முகம், எல்லாம் மௌனம். யாருக்காவது உள்ளிருந்து சொல் வந்தால் பேசலாம். முடியும்போது கையாட்டுவார்கள்.

ஆடி மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், மைக் செட் அலறுகிறது, நான் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். லண்டன், யார்க்ஷையர் எல்லார் வீட்டிலும் மாரியம்மன் இறங்கிவிட்டாள். வெட்கத்தில் அணைத்தேன். கூட்டம் முடிந்து ஒரு வெள்ளைமுடிப் பாட்டி, இன்னும் கொஞ்சம் ஓடவிட்டிருக்கலாமே என்றார்.

குறையும் சொல்கிறேன். பேசுகிறவர்கள் பாதிப் பேர் தோட்டம், குருவி, பனித்துளி என்றே பேசுகிறார்கள். எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் சாம்பல் படியும். ஏழாவது வாரம் பொறுக்காமல் நானும் பேசினேன். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை, அலையாத்தி மரமும் படகும் கறுத்ததை, மீன்காரம்மாக்கள் கூடையைக் கவிழ்த்து வைத்து உட்கார்ந்திருந்ததை என் உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. கால் மணி நேரம் அப்படியே மௌனம். அவமானமாகப் போய்விட்டது. ஒருவர் பேசினால் உடனே பதில் பேசக்கூடாது, அந்தச் சொல்லுக்கு இடம் விட வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். இதை முதல் நாளே புதியவர்களுக்குச் சொன்னால் என்ன?

அன்றைக்கு டீ நேரத்தில்தான் விஷயம் வந்தது. கூட்டம் முடிந்ததும் அவரவர் கோப்பையோடு அரை மணி நேரம் பேச்சு. இந்தச் சேவையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பிரிட்டன் குவேக்கர்கள் 2013-லேயே நிலக்கரி, எண்ணெய்க் கம்பெனிகளிலிருந்து தங்கள் சபைப் பணத்தை எடுக்க முடிவு செய்ததை ஒருவர் சொன்னார். அமெரிக்காவில் மலை உச்சியை வெடிவைத்துப் பெயர்த்து நிலக்கரி எடுப்பவர்களுக்கு பிஎன்சி என்ற வங்கி கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. குவேக்கர் குழு ஒன்று அதன் கிளைகளுக்குள்ளேயே போய் உட்கார்ந்து இதே மௌனக் கூட்டத்தை நடத்தியிருக்கிறது. சில வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2015-ல் வங்கி கடன் கொள்கையை மாற்றியது. முதல் உலகப் போர் முடிந்ததும் தோற்ற ஜெர்மனியின் குழந்தைகளுக்குக் குவேக்கர்கள் சோறு போட்டது, 1947-ல் அமைதிக்கான நோபல் வாங்கியது எல்லாம் நான் முன்பே படித்தவை. ஆனால் வங்கிக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்தது எனக்கு வேறு மாதிரி இருந்தது.

மறுநாள் பாஸ்புக் போட என் வங்கிக்குப் போனபோது, நம்ம பணத்தை எந்த அனல்மின் நிலையத்துக்குக் கடன் கொடுக்கறீங்க தம்பி என்று கவுன்டரில் கேட்டேன். "ஆன்ட்டி, பிரின்டர் ரிப்பேர், உக்காருங்க" என்றான். உட்கார்ந்தேன். என்னோடு பதினைந்து பேர் டோக்கனைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நம்மூர் வங்கியில் மௌனமாக உட்கார்ந்தால் போராட்டம் என்று யாருக்குத் தெரியப் போகிறது? கேள்வியை எழுதி மேனேஜரிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டு வாரம் ஆகிறது.

தமிழில் நடத்தினால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். இப்போதைக்கு மூன்றரை. வேகமான இங்கிலீஷுக்கு அரை, குருவிக்கு அரை, சொல்லாமல் விட்ட வழக்கத்துக்கு அரை கழித்திருக்கிறேன்.

சேருகிறவர்களுக்கு ஒன்று. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிடுகிறார்கள். அதுமுதல் நமக்கு நாலு மணி. அது தெரியாமல் மூணு மணிக்கே போய், வெற்றுத் திரைக்கு முன்னால் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.