“உடல் வாசனையை மாற்றித் தருகிறோம்” என்று வரும் ரீல்களிடம் பணம் கொடுக்காதீர்கள்

“உங்கள் உடம்பின் இயற்கை வாசனையே பெண்களை ஈர்க்கும்படி செய்கிறோம்” என்று சொல்லி இன்ஸ்டாகிராமில் மூன்று மாத கோர்ஸ் ஒன்றை விற்கிறார்கள். உள்ளே சாப்பிட மாத்திரை, கழுத்தில் தடவ ரோல்-ஆன், அக்குளுக்கு ஒரு க்ரீம். என் தம்பி இதில் 10,699 ரூபாய் இழந்தான். இரண்டு அக்குளும் புண்ணாகி, கையைத் தொங்கவிட முடியாமல் வேலைக்குப் போனான். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். இந்த விஷயத்தில் ஏமாந்த பையன்கள் வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை. விற்கிறவர்கள் நம்பியிருப்பதும் அந்த வெட்கத்தைத்தான்.

தம்பிக்குத் திருச்சியில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கலெக்‌ஷன் வேலை. காலையிலிருந்து இருட்டும் வரை பைக்தான். கம்பெனி கொடுத்த பாலியஸ்டர் சட்டை வேறு. வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு இடம் கிட்டத்தட்ட முடிகிற மாதிரி வந்து, காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் இந்த ரீல் அவன் கண்ணில் பட்டது.

லிங்க்கை அழுத்தினால் கேள்விகள் வருகின்றன. ‘நீங்கள் பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைத் திருப்புகிறாரா? பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கிறதா? நிச்சயமாக வேண்டிய வரன் தட்டிப்போயிருக்கிறதா?’ கடைசியில் ‘உங்கள் நிலை: தீவிரம்’ என்று சிவப்பில் காட்டுகிறது. பிறகு நானும் அதே லிங்க்கில் போய் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்றே அழுத்திப் பார்த்தேன். எனக்கும் ‘தீவிரம்’தான் வந்தது. இந்த ஒன்றைத் தயவுசெய்து கவனியுங்கள். பிரச்சினை உங்களுக்கு இருக்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதே இல்லை.

அடுத்து ‘டாக்டர்’ என்று ஒருவர் போனில் வந்தார். அக்குளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். இடுப்புக்குக் கீழேயும் எடுத்து அனுப்பச் சொன்னபோது தம்பி மறுத்துவிட்டான், அது எவ்வளவோ நல்லதாயிற்று. கோர்ஸ் விலை 6,499 ரூபாய். 999 முன்பணம் யுபிஐயில், மீதி பார்சல் கைக்கு வரும்போது. கூரியர்காரர் பணத்தை வாங்கிக்கொண்டுதான் பெட்டியைக் கொடுத்தார். பாட்டில் எதிலும் தயாரிப்பாளர் முகவரி இல்லை, லைசென்ஸ் நம்பர் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியலும் இல்லை. நம் நாட்டில் விற்கும் அழகுசாதனப் பொருட்களில் பொதுவாக இவை அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம்.

க்ரீம் தடவத் தொடங்கிய சில நாளிலேயே எரிச்சல். பிறகு சிவந்து, தோல் உரிந்து, நீர் கோத்தது. போன் செய்தால் அந்த ‘டாக்டர்’ சொன்ன பதில்: “சார், உள்ளே இருக்கிற நச்சு வெளியே வருது. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். நிறுத்தினா நாத்தம் இன்னும் அதிகமாயிடும்.” அந்தப் பயத்திலேயே ‘நச்சு நீக்கும் பேக்’ என்று இன்னொரு 4,200 ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். எனக்கு ஆறாமல் இருப்பது இதுதான். முதலில் வாங்கிய பணத்தைவிட, புண்ணோடு வலியில் பேசுகிற பையனிடம் மேலும் தடவச் சொன்னது பெரிய கொடுமை.

எனக்குத் தெரியவந்ததும் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். ஒவ்வாமையால் வந்த தோல் அழற்சி என்றார் மருத்துவர். க்ரீமில் என்ன இருக்கிறதென்றே எழுதவில்லை, எல்லாவற்றையும் உடனே நிறுத்துங்கள் என்றார். சர்க்கரை, தைராய்டு இரண்டும் சோதித்தார், இரண்டும் சரியாகவே இருந்தன. பிறகு உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். அக்குளில் இருக்கும் ஒருவகைச் சுரப்பிகளிலிருந்து வருகிற வியர்வைக்கு, வரும்போது வாசனையே கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. அது எல்லோர் உடம்பிலும் நடப்பதுதான். ‘உள்ளே நச்சு சேர்ந்துவிட்டது’ என்பதெல்லாம் கதை.

ரோல்-ஆன் பாட்டிலில் பெரிய எழுத்தில் ‘பெரோமோன்’ என்று போட்டிருந்தது. ஒரு உயிர் தன் இனத்து இன்னொரு உயிரை ஈர்க்கவோ அதற்குச் சைகை காட்டவோ வெளியிடும் வேதிப்பொருளுக்குத்தான் அந்தப் பெயர். இதைப் பற்றி நானே தேடிப் படித்தேன். 1959ல் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனன்ட் குழுவினர், ஆண் பட்டுப்பூச்சியை வரவழைக்கப் பெண் பூச்சி வெளியிடும் வேதிப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதைப் பிரித்தெடுக்க சுமார் 5 லட்சம் பூச்சிகள் தேவைப்பட்டன. பூச்சிக்கு அது உண்மை. பன்றிக்கும் உண்மைதான்: ஆண் பன்றியின் எச்சிலில் இருக்கும் ஆண்ட்ரோஸ்டினோன் என்ற பொருளை, பெண் பன்றி சினைக்குத் தயாரா என்று பார்க்கப் பண்ணைகளில் ஸ்ப்ரேயாகவே பயன்படுத்துகிறார்கள். மனிதனுக்கு அப்படி ஒரு பொருள் இருப்பதாக இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. ‘மனிதப் பெரோமோன்’ என்று பெயர் வாங்கிய இரண்டு பொருட்கள் பிரபலமானது 1991ல் பாரிஸில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் பிறகு. அந்த மாநாட்டுக்குப் பணம் போட்டதே அவற்றை வைத்து வியாபாரம் செய்ய இருந்த நிறுவனம்தான். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ட்ரிஸ்ட்ராம் வயாட் 2015ல் இதையெல்லாம் விரிவாக எழுதி, அந்தப் பொருட்களைப் பெரோமோன் என்று சொல்ல ஆதாரமே இல்லை என்று காட்டியிருக்கிறார்.

ரீலில் ‘ஸ்விட்சர்லாந்து ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது’ என்றும் வந்தது. அப்படி ஒரு ஆராய்ச்சி உண்டு. 1995ல் பெர்ன் நகரில் க்ளாஸ் வெடகின்ட் என்பவர், மாணவர்களை இரண்டு இரவு ஒரே டி-ஷர்ட்டைப் போட்டுத் தூங்கச் சொல்லி, அதைப் பெண்களிடம் முகரக் கொடுத்தார். நோய் எதிர்ப்பு தொடர்பான மரபணுக்கள் தன்னிடமிருந்து வேறுபட்ட ஆணின் வாசனையே பெண்களுக்குக் கூடுதலாகப் பிடித்தது. அப்படியென்றால் ஒரே ஆணின் வாசனை ஒரு பெண்ணுக்குப் பிடிக்கும், இன்னொருத்திக்குப் பிடிக்காது. எல்லோரையும் மயக்குகிற வாசனையைப் பாட்டிலில் அடைக்க முடியாது என்பதற்குத்தான் இந்த ஆராய்ச்சி சாட்சி. அதையே விளம்பரத்தில் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார்கள்.

பேக்கோடு ஒரு உணவு அட்டவணையும் வந்தது. வெங்காயம், பூண்டு தொடவே கூடாதாம். செக் நாட்டிலும் ஸ்காட்லாந்திலும் உள்ள ஆய்வாளர்கள் 2016ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், நிறையப் பூண்டு சாப்பிட்ட ஆண்களின் அக்குள் வாசனைதான் பெண்களுக்குப் பிடித்திருந்தது! ஒரு ஆய்வை வைத்து யாரும் பூண்டை அள்ளித் தின்ன வேண்டாம். ஆனால் அவன் மூன்று மாதம் ரசம்கூட இல்லாமல் சாப்பிட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லவே இல்லை. அம்மாவுக்கு அதுதான் இன்னும் தாங்கவில்லை.

மருத்துவர் சொன்னவை எல்லாம் நூறு, இருநூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டன. புண் ஆறிய பிறகு ஆன்டிபெர்ஸ்பிரன்ட் போடச் சொன்னார், அதுவும் இரவில். டியோடரன்ட் வாசனையை மட்டும் மூடும். ஆன்டிபெர்ஸ்பிரன்டில் இருக்கும் அலுமினிய உப்பு வியர்வைத் துளையைத் தற்காலிகமாக அடைக்கும். இரவில் வியர்வை குறைவு என்பதால், அக்குளை நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டுப் போட்டால் அப்போதுதான் பிடிக்கும். காலையில் அவசரமாக ஈர உடம்பில் பூசிக்கொண்டு ஓடுவதில் பெரிய பலன் இல்லை. அப்புறம் சட்டை. பாலியஸ்டர் துணி நாற்றத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், துவைத்தாலும் லேசில் போகாது. உள்ளே பருத்தி பனியன் போட்டு தினமும் மாற்றுகிறான், சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பித் துவைத்து வெயிலில் காயப்போடுகிறோம். அக்குள் முடியையும் ஒட்ட வெட்டிக்கொள்கிறான். இவ்வளவுதான். இப்போது அவனே வித்தியாசத்தை உணர்கிறான்.

உடம்பு வாசனை திடீரென்று மாறினால் மட்டும் சும்மா இருக்காதீர்கள். மூச்சில் பழுத்த பழம் மாதிரியோ நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரியோ வாசனை வந்தால் சர்க்கரை நோயால் வரும் ஆபத்தான நிலையின் அறிகுறியாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எவ்வளவு குளித்தாலும் மீன் வாடை போகவில்லை என்றால், அரிதாக வரும் பரம்பரைக் கோளாறு ஒன்று இருக்கிறது. அதையும் மருத்துவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் பேசி, “டாக்டரோட பதிவு எண் என்ன?” என்று கேட்டதும் போன் கட்டானது. மறுநாள் வேறொரு நம்பரிலிருந்து அழைப்பு. “மேடம், ரீஃபண்ட் அப்ரூவ் ஆயிடுச்சு, இப்ப ஒரு ரிக்வெஸ்ட் வரும், பின் நம்பர் போட்டா பணம் உங்களுக்கு வந்துடும்” என்றார்கள். யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்துதான் போகும். ஏமாந்தவரின் பட்டியலை வைத்து இரண்டாவது தடவையும் ஏமாற்றப் பார்க்கிறார்கள். இப்படிப் பணம் போய்விட்டால் கொஞ்சமும் தாமதிக்காமல் 1930க்கு அடியுங்கள், அது சைபர் மோசடிக்கான எண்.

நான் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதன் பிறகு இரண்டாவது பேக்கின் 4,200 ரூபாய் திரும்ப வந்தது. முதல் 6,499க்கு இன்னும் பதில் இல்லை, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். இதே மாதிரி பார்சல் வாங்கியவர்கள் ஆத்திரத்தில் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாட்டில், கூரியர் சீட்டு, யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, மருத்துவர் சீட்டு எல்லாம் வேண்டும். ரீலையும் இப்போதே ஸ்கிரீன் ரெக்கார்ட் எடுத்து வையுங்கள், புகார் போனதும் அழித்துவிடுகிறார்கள். மனு கொடுக்க 2 வருடம் அவகாசம் உண்டு.