மடிப்பதா, சுருட்டுவதா, இரண்டாக வைப்பதா?

லாஸ் வேகஸில் ஜனவரிதோறும் நடக்கும் சிஇஎஸ் என்ற மின்னணுப் பொருள் கண்காட்சியில் மடிக்கணினி நிறுவனங்கள் விடாமல் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கின்றன: பைக்குள் போகும்போது சின்னதாக இருக்க வேண்டும், மேசையில் வைத்தால் பெரிய திரை வேண்டும். 2017-இல் ரேசர் நிறுவனம் 'புராஜெக்ட் வலேரி' என்ற பெயரில் மூன்று 17.3 இன்ச் 4கே திரைகளை ஒரே மடிக்கணினியில் விரித்துக் காட்டியது. கண்காட்சியிலேயே மாதிரிகள் திருடு போயின. கடைக்கு அது வரவே இல்லை. அதற்குப் பிறகு காட்டப்பட்டு, விற்பனைக்கும் வந்த நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் மடிக்கும் ரகம். 2022-இல் ஆசஸ் கொண்டுவந்த ஜென்புக் 17 ஃபோல்ட்: விரித்தால் 17.3 இன்ச், மடித்தால் 12.5 இன்ச், விலை 3,499 டாலர். கீல் 30,000 முறை மடித்துச் சோதிக்கப்பட்டது என்றார்கள். சரி, கீல் தாங்கும். ஆனால் நடுவில் விழும் மடிப்புத் தடம்? வெள்ளைப் பக்கம் ஓடும்போது கண் பழகிவிடும். கறுப்புப் பின்னணியில், பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியத்தான் செய்யும். அத்தனை பணம் கொடுத்தவருக்கு அது உறுத்தும். இந்த ரகத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

சுருட்டும் ரகம்தான் கூட்டத்தை இழுத்தது. 2025-இல் லெனோவோ காட்டிய திங்க்புக் பிளஸ் ஜென் 6 ரோலபிள், மூடியைத் திறந்தால் சாதாரண 14 இன்ச் மடிக்கணினி. விசைப்பலகையில் அதற்கென்றே இருக்கும் விசையை அழுத்தினால் மோட்டார் முனகியபடி திரை மேலே ஏறி 16.7 இன்ச் ஆகிறது. அகலம் அப்படியே இருக்க, உயரம் மட்டும் 1600 பிக்சலிலிருந்து 2350-க்குப் போகிறது. எக்செல் ஷீட், நீளமான பிடிஎஃப், கணினி நிரல் எழுதுபவர்களின் வரிகள் எல்லாவற்றுக்கும் உயரம்தான் பஞ்சம், அகலம் அல்ல. அந்த வகையில் யோசனை சரியானது.

மீதித் திரை எங்கே ஒளிந்திருக்கிறது? கீல் வழியாக வளைந்து விசைப்பலகைக்கு அடியில். சிக்கலும் அங்கேதான். தறியில் பாவு (நீளவாக்கு நூல்) தளரக்கூடாது என்பதுபோல, இந்தத் திரைக்கும் எப்போதும் சீரான இழுவிசை வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் அலை அலையாகத் தெரியும். மோட்டார், உருளை, வளையும் திரை என்று மூன்றும் வருடக்கணக்கில் ஒத்துழைக்க வேண்டும். 20,000 முறை ஏற்றி இறக்கிச் சோதித்ததாக லெனோவோ சொல்கிறது. நாளுக்குப் பத்து முறை என்றாலும் ஐந்து வருடத்துக்கு மேல் வரும், அது போதும். எனக்குள்ள பயம் தேய்மானம் பற்றியதல்ல, தூசியும் ரிப்பேரும் பற்றியது. சாதாரணத் திரை உடைந்தால் தெருமுனைக் கடையிலேயே மாற்றிவிடலாம். இதைப் பிரிக்க எந்த மெக்கானிக்கும் கை வைக்க மாட்டார். அறிவித்தபோது இதற்கும் அதே 3,499 டாலர்தான் சொன்னார்கள்.

அப்புறம், பார்க்கச் சாதுவான இரட்டைத் திரை ரகம். 2023-இல் லெனோவோவின் யோகா புக் 9ஐ: இரண்டு 13.3 இன்ச் ஓலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்) திரைகள், நடுவே ஸ்பீக்கரையும் சுமக்கும் கீல், அறிவித்த விலை சுமார் 2,100 டாலர். எட்டு விரல்களையும் கீழ்த்திரையில் வைத்தால் தொடுவிசைப்பலகை எழும்பும். பார்க்க ஜோர். ஆனால் கண்ணாடியில் எஃப், ஜே விசைகளின் சின்ன மேடு கிடையாது. விரல் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்துத்தான் அடிக்க வேண்டும். நிஜ விசைப்பலகையும் தருகிறார்கள், புளூடூத்தில் ஓடும். தாங்கியாக மடியும் உறையோடு அதைத் தனியாகத் தூக்கிப் போக வேண்டும். ஹெட்போன் துளையும் இல்லை.

அடுத்த ஆண்டே ஆசஸ் ஜென்புக் டுயோவை இறக்கி இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றைச் சரி செய்துவிட்டது. இரண்டும் 14 இன்ச் ஓலெட். விசைப்பலகை காந்தத்தில் ஒட்டி இரண்டு திரைகளுக்கும் நடுவிலேயே உட்கார்ந்துகொள்கிறது, அங்கேயே சார்ஜும் ஏறுகிறது. தாங்கி உடம்போடு இருக்கிறது. ஹெச்டிஎம்ஐ, பழைய யூஎஸ்பி, ஹெட்போன் துளை எல்லாம் உண்டு. ரயிலில் மடியில் வைத்தால் சாதாரண மடிக்கணினி. மேசை கிடைத்தால் விசைப்பலகையை எடுத்து முன்னால் வைத்துவிட்டு இரண்டு திரைகளையும் மேலும் கீழுமாக நிறுத்தலாம். வந்தபோது விலை 1,499 டாலரில் ஆரம்பித்தது. இந்தியாவில் 1,59,990 ரூபாய்க்கு வந்தது.

எடையைப் பாருங்கள். விசைப்பலகையோடு டுயோ 1.65 கிலோ, ரோலபிள் 1.69. ஏறக்குறைய சமம். ஆனால் முழுசாக விரிந்த ரோலபிளைவிட டுயோவின் இரு திரைகளுக்கும் சேர்த்துக் கால் பங்குக்கு மேல் கூடுதல் பரப்பு. அறிமுக விலையோ பாதிக்கும் கீழே. நடுவில் கறுப்பு இடைவெளி இருக்கிறதே என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். வேலை செய்பவருக்கு அது தொந்தரவே இல்லை என்பேன்: மேலே எழுதும் பக்கம், கீழே பார்த்து எழுதும் தரவு, இரண்டும் எப்படியும் தனித்தனி ஜன்னல்கள்தானே. மடிப்பும் மோட்டாரும் இல்லாத இரண்டு தட்டைத் திரைகள் என்பதால் கெட்டுப்போக வாய்ப்புள்ள இடங்களும் குறைவு.

டுயோவில் இரண்டு திரையும் ஒளிர்ந்தால் பேட்டரி வேகமாக இறங்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்; அதன் கொள்ளளவு 75 வாட்-அவர்தான். இன்னொன்று, தினமும் வீட்டிலோ ஆபீசிலோ ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இந்த நான்கில் எதுவும் தேவையில்லை. இருக்கிற மடிக்கணினியோடு ஒரு 24 இன்ச் மானிட்டரை இணைத்தால், டுயோவின் இரு திரைகளையும் சேர்த்ததைவிடப் பெரிய பரப்பு கிடைத்துவிடும்.