இமாடினிபா, தாசாடினிபா, நிலோடினிபா? சி.எம்.எல். நோய்க்கான மூன்று மாத்திரைகளின் ஒப்பீடு

நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய், அதாவது சி.எம்.எல்., என்று உறுதியான பின் குடும்பத்தார் எதிர்கொள்ளும் முதல் கேள்வி எந்த மாத்திரையில் தொடங்குவது என்பதுதான். அறுபது வயதை நெருங்கிய என் தாயாருக்கு இந்நோய் கண்டறியப்பட்டபோது, மருத்துவர் மூன்று மருந்துகளையும் விளக்கிவிட்டு, நோயின் தீவிரத்தைக் கணிக்கும் சோகல் மதிப்பெண் குறைவாக இருப்பதால் எதில் தொடங்கினாலும் தவறில்லை என்றார். நாங்கள் இமாடினிபைத் தேர்ந்தோம். இன்றும் நான் அதன் பக்கமே சாய்கிறேன் என்பதால், கீழே உள்ளதை அந்தச் சாய்வோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

மூன்று மருந்துகளும் குறிவைப்பது ஒரே புரதத்தை. 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும்போது பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற ஒட்டு மரபணு உருவாகிறது. அது உருவாக்கும் ஒட்டு நொதியே அந்தப் புரதம். இயல்பான ஏபிஎல் நொதி தேவைப்படும்போது மட்டும் உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் பிற புரதங்களின் மீது வைத்துச் செய்தி அனுப்பும். ஒட்டு நொதியோ ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ராஸ், பிஐ3கே, ஸ்டாட்5 எனப்படும், உயிரணுவுக்குள் செய்தி கடத்தும் பாதைகளின் வழியே, பெருகு, சாகாதே என்ற கட்டளை ரத்த அணுக்களுக்குத் தொடர்ந்து போய்க்கொண்டிருப்பதே இந்நோய். ஏடிபி அமரும் குழியில் மருந்து போய் அமர்ந்துகொண்டால் அச்செய்தி நின்றுவிடும். நொதி செயலற்ற வடிவில் இருக்கும்போது மட்டுமே இமாடினிப் அதில் பொருந்தும். அதே வடிவில் நிலோடினிப் இன்னும் இறுக்கமாகப் பொருந்தும். தாசாடினிப் செயல்படும் வடிவிலும் பற்றும், கூடவே சார்க் (SRC) எனப்படும் வேறொரு குடும்ப நொதிகளையும் தடுக்கும்.

வலிமையை மட்டும் பார்த்தால் இமாடினிப் தோற்றுவிடும், அதில் ஐயமில்லை. தாசாடினிபை இமாடினிபோடு ஒப்பிட்ட டாசிஷன் ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் ஒட்டு மரபணுவின் அளவு 0.1 சதவீதத்துக்குக் கீழே இறங்கியவர்கள் தாசாடினிபில் 76 சதவீதம், இமாடினிபில் 64 சதவீதம். ஆனால் அதே ஆய்வில் உயிரோடு இருந்தவர்கள் முறையே 91, 90 சதவீதம். எங்களுக்கு இந்த இரண்டாவது ஒப்பீடுதான் பெரிதாகப் பட்டது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இமாடினிப். அதைத் தொடக்கத்திலிருந்தே எடுத்தவர்களில் பத்தாண்டுக்குப் பின்னும் ஏறத்தாழ 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்ததை ஐரிஸ் ஆய்வு காட்டியது.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இமாடினிபுக்கான நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்ததும், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததும் பலருக்கும் தெரிந்தவை. மாதம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய மருந்து இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாகப் பத்தாயிரத்துக்குள் கிடைத்ததன் பின்னணி அதுவே. இப்போது தாசாடினிபும் பல இந்திய நிறுவனங்களின் பெயரில் கிடைப்பதால், விலை மட்டும் முடிவைத் தீர்மானிப்பதில்லை.

முடிவைத் தீர்மானித்தது, இம்மருந்தை ஆண்டுக்கணக்கில் ஒரு நாளும் விடாமல் விழுங்க முடியுமா என்பதே. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் இமாடினிப் எடுத்தவர்களைக் கண்காணித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் கூர்மையாகச் சொல்கிறது: மாத்திரைகளில் 90 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு ஆறாண்டில் அந்த 0.1 சதவீத இலக்கை எட்டும் வாய்ப்பு 94.5 சதவீதம், அதற்குக் குறைவாக எடுத்தவர்களுக்கு வெறும் 28.4. மாதத்துக்கு மூன்று மாத்திரைகளை விட்டாலே இந்தப் பிரிவின் எல்லைக்கு வந்துவிடுகிறோம். மருந்துகளுக்கு இடையே உள்ள 12 புள்ளி வேறுபாட்டை இதனருகே வைத்துப் பார்த்தால், சற்று வலிமை குறைந்ததானாலும் நோயாளி தவறாமல் எடுக்கக்கூடிய மருந்தே மேலானது என்ற முடிவுக்குத்தான் வர முடிகிறது.

நிலோடினிபை நாளுக்கு இரண்டு வேளை எடுக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் முன்னே இரண்டு மணி நேரமும் பின்னே ஒரு மணி நேரமும் எதுவும் சாப்பிடக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டிய என் தாயாருக்கு இது நடக்கிற காரியமில்லை. அது சர்க்கரையை ஏற்றக்கூடியது. இதய, ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் ஐந்தாண்டில் 7.5 சதவீதம் பேருக்கு வந்தன, இமாடினிபில் 2.1. தாசாடினிப் நாளுக்கு ஒரு மாத்திரைதான், உணவுக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் ஐந்தாண்டில் 28 சதவீதம் பேருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தது. வயிற்று அமிலம் குறைந்தால் அது சரியாக உட்கிரகிக்கப்படாது என்பதால் பாந்தோபிரசோல் போன்றவற்றை உடன் எடுக்கக் கூடாது. நெஞ்செரிச்சலுக்குக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது நம்மூர் வழக்கம் என்பதால், இந்தத் தடை ஏட்டில் தெரிவதைவிட நடைமுறையில் கடினமானது. இமாடினிபை இரவுச் சாப்பாட்டோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் விழுங்கினால் போதும். அதற்கும் தொல்லைகள் உண்டு: காலையில் கண்ணிமைகள் வீங்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டும்.

எங்கள் அனுபவம் எட்டாத இடங்களும் உள்ளன. சோகல் மதிப்பெண் அதிகமாக உள்ளவர்களுக்கு நோய் முற்றிய கட்டத்துக்குப் போகாமல் தடுப்பதில் வலிமையான மருந்துக்கு உண்மையான பயன் இருக்கலாம். குழந்தை பெறத் திட்டமிடும் இளம்பெண்ணின் கணக்கும் வேறு, அவருக்கு மாத்திரையை நிறுத்த முடிவது முக்கியம். ஆழமான கட்டுப்பாட்டை, அதாவது ஒட்டு மரபணு ஏறத்தாழத் தென்படாத நிலையை, சில ஆண்டுகள் தக்கவைத்தபின் மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம், நிறுத்தியவர்களில் சுமார் பாதிப்பேருக்கு நோய் திரும்பவில்லை. அந்த ஆழத்தை விரைவில் எட்டச் செய்பவை தாசாடினிபும் நிலோடினிபும்தான். டி315ஐ என்ற மரபணு மாற்றம் வந்துவிட்டாலோ மூன்றுமே பயனற்றவை. பொனாடினிபுக்கோ, ஏடிபி குழியை விட்டு வேறிடத்தில் பற்றும் அசிமினிபுக்கோ போக வேண்டும்.

எதில் தொடங்கினாலும் மூன்றாம் மாதத்தில் ஒட்டு மரபணு 10 சதவீதத்துக்கும், ஆறாம் மாதத்தில் ஒன்றுக்கும், ஓராண்டில் 0.1க்கும் இறங்க வேண்டும். பிசிஆர்-ஏபிஎல் சோதனையைப் பன்னாட்டு அளவுகோலில் முடிவு தரும் ஒரே ஆய்வகத்தில் தொடர்ந்து செய்தால்தான் இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். இமாடினிபில் தொடங்குகிறவர் மாத்திரையில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை இந்தச் சோதனைக்கென்றே ஒதுக்கிவைப்பது நல்லது. இலக்கு தவறினால் மருந்தை மாற்றும் வாய்ப்பு, தவறியது உரிய நேரத்தில் தெரிந்தால் மட்டுமே பயன்படும்.