குழி தோண்டுவதா, சாய்வை அளப்பதா?

வரும் பிப்ரவரியில் எங்கள் மலையேறும் குழுவில் நாலு பேர் ஜப்பானின் நிசேக்கோ பனிமலைக்குப் போகிறோம். எல்லாரும் சுங்கை சிப்புட்காரர்கள், 2183 மீட்டர் உயரமுள்ள கோர்பு மலையை ஏறி இறங்கியவர்கள். கோர்புவில் காலை வாரிவிடுவது சேறும் வேரும்தான். பனிமலையில் நாம் நிற்கும் சரிவே மொத்தமாகக் கிளம்பிவிடும். போன ஞாயிறு பசியாற உட்கார்ந்தபோது இதைப் பற்றித்தான் பேச்சு. ஒரு சரிவில் கால் வைக்கலாமா கூடாதா என்பதை எதை வைத்து முடிவெடுப்பது? பனியில் குழி தோண்டிப் பார்த்தா, பனிச்சரிவு அபாயத்தைச் சொல்லும் காலை அறிக்கையையும் சாய்வின் அளவையும் வைத்தா? முந்தைய பயணத்தில் நான் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன்.

முதலில் குழி. ஒருமுறையாவது தோண்டிப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்வேன். வெளியே ஒரே வெள்ளையாகத் தெரியும் பனி, உள்ளே அடுக்கு அடுக்காக இருக்கும். சுவரில் கையை அழுத்தினால் ஓர் அடுக்கில் முஷ்டியே உள்ளே போகும், அடுத்ததில் ஒரு விரல்தான் போகும், அதற்கடுத்ததில் பென்சில் முனை மட்டும். எனக்குக் கிடைத்த குழியில் அடியில் ஓர் அடுக்கு, அள்ளினால் சீனி மாதிரி கையிலிருந்து உதிர்ந்தது. தரையை ஒட்டிய பனி கிட்டத்தட்ட 0 டிகிரியில் இருக்கும், மேலே காற்று கடுங்குளிராக இருக்கும். இந்த வித்தியாசத்தால் நீராவி கீழிருந்து மேலே நகர, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக வளர்ந்துவிடும். அதன்மேல் புதுப்பனி பலகை போல இறுகி உட்கார்ந்தால், சீனிமேல் பலகை வைத்த கதைதான்.

அப்புறம் தட்டிப் பார்க்கும் சோதனை. 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் தூண் ஒன்றைப் பனியில் வெட்டி, மேலே மண்வாரியை வைத்து, மணிக்கட்டை அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. என் தூண் 13ஆவது தட்டில் மேசை இழுப்பறை போல நேராக வெளியே வழுக்கியது. வழிகாட்டி எங்களைப் பதினைந்து அடி தள்ளிக் கூட்டிப்போய் இன்னொரு குழி தோண்டச் சொன்னார். 30 தட்டும் தட்டி முடித்தோம், ஒன்றும் அசையவில்லை. அதே சரிவு, அதே காலை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். அப்பா மரம் சீவிய காலத்தில், பெருமழைக்கு மறுநாள் படி வெட்டிய மேட்டில் ஒரு படி சரிந்து கிடக்கும். பக்கத்துப் படியில் பால் மங்குகூட இடம் மாறியிருக்காது. முதல் குழியை நான் தோண்டாமல் இரண்டாவதை மட்டும் தோண்டியிருந்தால், இந்தச் சரிவு நல்லது என்று இறங்கியிருப்பேன். அதை இன்று நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. 90 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தூண் வெட்டி ஓர் ஓரத்தில் தட்டும் நீண்ட சோதனையும் உண்டு. விரிசல் மறுமுனைவரை ஓடுகிறதா என்று அது காட்டுவதால், சின்னத் தூணைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். ஆனால் அதுவும் அந்த ஓர் இடத்தின் பதில்தான். குழி ‘வேண்டாம்’ என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். ‘போகலாம்’ என்றால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

அறிக்கையும் சாய்வும் பார்ப்பதற்கு இவ்வளவு சுவாரசியமாக இருக்காது. நிசேக்கோவில் பருவகாலத்தில் காலையிலேயே பனிச்சரிவுத் தகவல் வந்துவிடும். ஆபத்து என்றால் பனிச்சறுக்குத் தளத்தின் எல்லைக்கு வெளியே உள்ள மலைக்குப் போகும் வாயில்களை மூடிவிடுவார்கள், எல்லைக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து போகக் கூடாது. வேறு நாடுகளின் அறிக்கைகளில் அபாயம் 1 முதல் 5 வரை ஐந்து நிலைகளாக இருக்கும். அதில் 3ஐப் பார்த்து ‘நடுத்தரம்தானே’ என்று யாரும் நினைக்க வேண்டாம். உயிர்கள் அதிகம் போவது அந்த நிலையில்தான்.

சாய்வு விஷயம் இன்னும் நேரடி. ஆளை இழுத்துப்போகும் பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் கிளம்புபவை. 30க்குக் கீழே நின்றால், அடியில் சீனி இருந்தாலும் நாம் நிற்கும் இடம் கிளம்புவது அபூர்வம். தலைக்கு மேலே செங்குத்தான சரிவு இருக்கிறதா என்று மட்டும் மறக்காமல் பார்க்க வேண்டும், சமதரையில் நின்றவர்களையும் மேலிருந்து வந்த பனி மூடியிருக்கிறது. நடக்கும்போது காலடியில் ‘வும்ப்’ என்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ, ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ, குழியெல்லாம் வேண்டாம், திரும்பிவிடலாம்.

நமக்கு இன்னொரு முக்கியமான வித்தியாசமும் இருக்கிறது. குழி தோண்டுவதை சுங்கை சிப்புட்டில் பழக முடியாது. பனியை வருஷத்துக்கு ஒரு வாரம் பார்க்கும் நாம் ஐந்தாறு குழிகளில் அடுக்கு படிக்கக் கற்றுவிட மாட்டோம். சாய்வை இங்கேயே பழகலாம். கைப்பேசியில் சாய்வு காட்டும் செயலி போதும். முதலில் கண்ணால் ஊகித்துவிட்டு அப்புறம் அளந்து பாருங்கள். முதல் நாள் செம்பனை மேட்டை 35 என்று அடித்துச் சொன்னேன், அளந்தால் 24. புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சமிக்ஞையால் காட்டும் கருவியான பீக்கனைத் தேடுவதும் அப்படித்தான். ஒரு பீக்கனைப் பைக்குள் போட்டு வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குள் ஒளித்துவைத்துத் தேடுகிறோம். பனிக்குள் புதைந்தவரின் பிழைக்கும் வாய்ப்பு முதல் கால் மணி நேரத்துக்குப் பிறகு வேகமாகச் சரிந்துவிடும். எங்களுக்கு முதல் தடவை 19 நிமிடம் ஆனது, போன வாரம் 8.

ஆகவே என் ஓட்டு அறிக்கைக்கும் சாய்வுக்கும். குழி தோண்டுவோம், வழிகாட்டி பக்கத்தில் இருக்கும்போது, பனியைப் பற்றிக் கற்றுக்கொள்ள. அன்றைக்கு எந்தச் சரிவு என்பதைக் காலையில் அறிக்கை பார்த்து, குழிக்கு முன்பே முடிவு செய்திருப்போம். நாலு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் திரும்புவது என்று இப்போதே பேசி வைத்துவிட்டோம்.