பூண்டா, கழுவும் மருந்தா, ஊசியா: குரூப் பி ஸ்ட்ரெப்புக்கு நான் எதை எடுத்தேன், ஏன்

ஐந்தாம் மாதக் கிளினிக்கில் எடுத்த சிறுநீர் கல்ச்சர் ரிப்போட்டில் 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகொக்கஸ்' என்று ஒரு கிருமியின் பெயர் இருந்தது. வயிற்றில் இருந்தது இரண்டாவது பிள்ளை. மூத்தவனைச் சுமந்தபோது இந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அன்றிலிருந்து பிரசவம் வரை ஆளுக்கொரு வழி சொன்னார்கள். பெரியம்மா வெள்ளைப்பூண்டு என்றார். டவுனில் பாமசியில் நிற்கும் தம்பி முறையான பையன் கழுவுகிற மருந்து என்றான். கிளினிக் டொக்டர், வலி தொடங்கியதும் நரம்பில் பெனிசிலின் ஊசி என்றார். நான் ஊசியை எடுத்தேன். மற்ற இரண்டையும் யோசிக்காமல் தள்ளவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு, படித்து, பல நாள் மனதில் போட்டுப் புரட்டிய பிறகுதான் முடிவெடுத்தேன்.

முதலில் ஒரு கணக்கு. உலகம் முழுக்கப் பார்த்தால் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் குடலிலும் பிறப்புறுப்பிலும் இந்தக் கிருமி இருக்கிறது. தாயைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பிரசவ நேரத்தில் மருந்து கொடுக்காமல் விட்டால், இப்படியான தாய்மாருக்குப் பிறக்கும் 100 பிள்ளைகளில் ஒன்றிரண்டுக்கு முதல் வாரத்துக்குள் கடும் தொற்று வரும். இரத்தத்தில் வரலாம், நுரையீரலில் வரலாம், மூளையுறையிலும் வரலாம். மிச்சம் 98 பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் பூண்டு வைத்த 100 பேரில் 98 பேர் "எனக்குக் கேட்டது" என்று மனதாரச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்றுமே செய்யாமல் இருந்த 98 பேரும் அதையேதான் சொல்வார்கள்.

கழுவும் மருந்துக்கு வருகிறேன். ரிப்போட்டைப் பற்றிக் கேட்டதும் என் மாமியார் சொன்ன முதல் வார்த்தை, "சுத்தமா இருக்கணும்மா." கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில்தான் சொன்னார். ஆனாலும் சுருக்கென்றது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், பத்து வீட்டுக்கு ஒரு பைப். கொழுந்து மலையிலிருந்து வந்து எப்படிக் குளிக்கிறோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். இந்தக் கிருமி அழுக்கால் வருவதில்லை. குடலில் குடியிருப்பது. மேலே கழுவினால் கீழேயிருந்து திரும்ப வந்துவிடும்.

பிரசவ நேரத்தில் கழுவுவதற்கு ஆராய்ந்து பார்த்த மருந்து குளோர்ஹெக்சிடின். சவ்லோனில் இருப்பதும் அதுதான். விலை குறைவு, நரம்பு தேட வேண்டாம், மருத்துவிச்சியே துடைத்துவிடலாம். எங்களைப் போல் தூரத்தில் இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். தென்னாபிரிக்காவில் சொவேட்டோவில் 8000க்கும் மேற்பட்ட தாய்மாரை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். முடிவு 2009இல் வந்தது. மருந்தால் உள்ளே துடைத்துவிட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கும் மற்றத் தாய்மாரின் பிள்ளைகளுக்கும் தொற்றில் வித்தியாசம் இல்லை. பிரசவத்தில் இப்படி வழமையாகக் கழுவ வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2015இல் சொல்லிவிட்டது. காரணம் எளிது. வலி தொடங்கியபின், அதுவும் நீர்க்குடம் உடைந்துவிட்டால், கிருமி மேலே ஏறிக் கருப்பைக்குள் போய்விடலாம். பிள்ளை அந்த நீரைத்தான் உள்ளே இழுக்கிறது. கழுவுகிற கை அங்கே எட்டாது. வீட்டில் டெட்டோல் கலந்த தண்ணீரால் உள்ளே கழுவுவதோ இன்னும் மோசம். புண்ணாகும், காவலுக்கு இருக்கிற நல்ல கிருமியும் சாகும்.

அடுத்தது இயற்கை வழி. இதில் எனக்கும் பற்று உண்டு. மூத்தவனுக்குச் சளி பிடித்தால் இன்றைக்கும் கற்பூரவல்லிதான். பெரியம்மா சொன்ன முறை: ஒரு பல் பூண்டை உரித்து, லேசாகக் கீறி, வெள்ளைத் துணியில் நூலோடு கட்டி, இரவில் உள்ளே வைத்துக் காலையில் எடுப்பது. கீறிய பூண்டிலிருந்து வரும் அல்லிசின் லேப் தட்டில் இந்தக் கிருமியைக் கொல்லும், அது உண்மை. ஆனால் தட்டு வேறு, உடம்பு வேறு. இதனால் ஒரு பிள்ளையாவது தொற்றிலிருந்து தப்பியது என்று காட்டும் ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. மேலும் பூண்டு காரம். கையில் கொஞ்ச நேரம் அரைத்துக் கட்டினாலே தோல் வெந்துபோகும். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் உட்கார்ந்தால் உடம்புக்கு இதமாக இருக்கும். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

டீ ட்ரீ எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் இதைத் தேயிலை எண்ணெய் என்று நினைத்துக்கொண்டு, நம்ம செடிதானே என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது வேறு மரம், அவுஸ்திரேலியாவில் வளர்வது. நாம் பறிக்கும் கொழுந்துக்கும் அதற்கும் உறவே இல்லை. குடித்தால் நஞ்சு, உள்ளே தடவினால் எரியும்.

இந்த வரிசையில் கொஞ்சமாவது ஆதாரம் உள்ளது நல்ல கிருமி மாத்திரைதான், அதாவது புரோபயோட்டிக். தாய்வானில் 110 கர்ப்பிணிகளை வைத்து நடத்தி 2016இல் வெளிவந்த ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 43 பேருக்குப் பிரசவ நேரத்தில் கிருமி காணாமல் போயிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 18 பேருக்கு. அமெரிக்காவில் பின்னர் நடந்த ஆய்வில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான் சட்டியில் வரும் எருமைத் தயிரை அந்த நான்கு மாதமும் சாப்பிட்டேன். மலச்சிக்கலுக்கு நன்றாகக் கேட்டது. கிருமிக்குக் கேட்டதா என்று என்னால் சொல்ல முடியாது. சட்டித் தயிரில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும் ஒரே இனமும் இல்லை.

அந்த 18 பேரைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் செய்யாமலே 18 பேருக்குக் கிருமி போயிருக்கிறது. இது வரும், போகும், திரும்ப வரும். ஆகவே பூண்டு வைத்து, மறுபடி ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்துச் சோதிப்பது) எடுத்து, 'நெகட்டிவ்' வந்தால் நிம்மதி என்று பெரியம்மா சொன்னது என் விஷயத்தில் நிற்கவில்லை. கர்ப்பத்தில் ஒரு தடவை சிறுநீரில் கண்டாலே உடம்பில் அதிகம் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் ஸ்வாப் எடுக்கத் தேவையில்லை, பிரசவத்தில் ஊசி கட்டாயம் என்று டொக்டர் முடிவாகச் சொன்னார். சிறுநீர்த் தொற்றுக்குக் குடித்த மாத்திரையும் இதற்கு ஈடாகாது. குடலிலிருந்து மறுபடி வந்துவிடும்.

சரி, ஊசி. பெனிசிலின் தாயின் இரத்தம் வழியாகப் பிள்ளையின் இரத்தத்துக்கும் நீர்க்குடத்துக்கும் போகிறது, கழுவுகிற கை எட்டாத இடத்துக்கு. முதல் தடவை 3 கிராம், பிறகு பிள்ளை பிறக்கும் வரை 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை 1.5 கிராம். அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் 1000 பிறப்புக்கு 1.8 என்று இருந்த முதல் வாரத் தொற்று, இந்த ஊசி பரவலான பிறகு 2015இல் 0.23 ஆகக் குறைந்தது.

ஆனால் இந்த ஊசி மணிக்கணக்கில் ஓடுவது. பிள்ளை பிறப்பதற்குக் குறைந்தது 4 மணி நேரத்துக்கு முன் முதல் ஊசி ஏறியிருந்தால்தான் முழுப் பலன். இரண்டு மணி நேரத்திலும் கிருமியின் எண்ணிக்கை குறையும், ஆகவே பிந்தினாலும் விடக்கூடாது. கொழும்பில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. எங்கள் தோட்டம் பொகவந்தலாவைக்கு மேலே. லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு 4 கிலோமீட்டர் கல் பாதை, மழையில் நீரோடை மாதிரி. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு நோர்வூட், டிக்கோயா என்று வளைவு வளைவாகப் போக வேண்டும். ஆனி, ஆடி மழையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. எங்கள் பெண்களுக்கோ வலி பொறுக்க முடியாமல் போனால்தான் ஆஸ்பத்திரி என்ற பழக்கம். இரண்டாவது பிரசவம் அந்த அவகாசத்தைத் தராது.

பூண்டின் மீதும் கழுவும் மருந்தின் மீதும் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இங்கேதான். அவை கேடு செய்யாமலே போகலாம். ஆனால் 'கிருமி போயிருக்கும், அவசரமில்லை' என்ற எண்ணத்தை மனதில் போட்டுவிடும். எங்கள் மலையில் அந்த எண்ணத்தின் விலை இரண்டு மூன்று மணி நேரம்.

38 வாரம் ஆனதும் டிக்கோயாவில் சித்தி வீட்டுக்குப் போய்விடுவது என்று ஏற்பாடு. அதற்கு மூன்று நாள் முந்தி, மாலை ஏழரைக்கு இடுப்பில் லேசாகப் பிடித்தது. மாமியார் கொத்தமல்லி வைத்துக் கொடுத்து, "இன்னும் நேரம் இருக்கு" என்றார். டொக்டரின் குரல் காதில் இருந்தது: "தொடங்கினதும் வாங்க. தண்ணி உடைஞ்சா வலி இல்லாட்டியும் வாங்க." பக்கத்து லயத்து அண்ணன் ஓட்டோவை எடுத்தார். 9.40க்கு ஆஸ்பத்திரி. கிளினிக் கார்டையும் ரிப்போட்டையும் நீட்டினேன். பெனிசிலின் ஒத்துக்கொள்ளுமா என்று இரண்டு தடவை கேட்ட பிறகு, மிஸ் (தாதி) இடது புறங்கையில் ஊசியைக் குத்தி, பிளாஸ்டர் துண்டொன்றைக் கிழித்து நீலப் பேனாவால் '10.15' என்று எழுதி அதன் மேலேயே ஒட்டினார். வலி வரும்போதெல்லாம் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2.15க்கு இரண்டாவது ஊசி. 3.50க்கு மகள் பிறந்தாள். உண்மையான வலி பிடித்தது நள்ளிரவு தாண்டித்தான். அதுவரை வீட்டில் இருந்திருந்தால் முதல் ஊசிக்கே மூன்று மணி ஆகியிருக்கும்.

ஊசிக்கும் குறை உண்டு. ஒரு வாரத்துக்குப் பிறகு, மூன்று மாதம் வரை வரக்கூடிய தொற்றை அது தடுக்காது. பிள்ளையின் குடலில் முதலில் குடியேறும் நல்ல கிருமிகளையும் மாற்றுகிறது. என் மகளுக்கு இரண்டாம் வாரம் வாயில் வெள்ளை படிந்தது. ஊசியாலா, தானாகவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்து உண்டு. ஆனால் அவற்றில் ஒன்றான கிளிண்டமைசின் கேட்குமா என்று லேபில் முன்கூட்டியே பார்க்க வேண்டும், அதற்கு நாள் எடுக்கும். அந்த அனுபவம் எனக்கில்லை. கிளினிக்கில் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பிள்ளையைப் பார்த்துக்கொள்வதில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பால் குடிக்காமல் துவளுவது, முனகி முனகி மூச்சு விடுவது, காய்ச்சல் எல்லாம் யாரும் கவனிப்போம். உடம்பு சில்லிட்டுப் போவதும் தொற்றின் அறிகுறிதான். எங்கள் குளிரில் அதைப் பனி என்று நினைத்து இன்னொரு கம்பளியைச் சுற்றிவிடுவோம். தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்தும் சூடு ஏறவில்லை என்றால் உடனே கிளம்ப வேண்டும்.

நாத்தனாருக்கு இப்போது 33 வாரம். எங்கள் கிளினிக்கில் எல்லாருக்கும் ஸ்வாப் எடுப்பதில்லை, அதனால் 36ஆம் வாரத்தில் டொக்டரிடம் அவளாகவே கேட்பாள். பை கட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ரிப்போட்டுகள் பிளாஸ்டிக் கவரில் மேலாக. ஓட்டோ அண்ணனின் நம்பரை அவள் போனில் முதல் ஆளாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.