வாத்தியம் இல்லாத பாட்டுக்கு எந்த ஆலயம்?

ஒரு பெரிய கோதிக் பேராலயத்தில், நடு மண்டபத்தின் பின்வரிசையில், தூண் ஓரமாக உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பாட்டுக் கேட்டேன். என்ன பாடினார்கள் என்று யாராவது கேட்டிருந்தால் "ஆ..." என்றுதான் பதில் சொல்லியிருப்பேன். உயிரெழுத்துகள் மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தன. மெய்யெழுத்துகள் வழியிலேயே கரைந்துவிட்டன. சில மாதங்கள் கழித்து அதே குழுவை ஒரு குறுகலான சிற்றாலயத்தில் கேட்டேன். மேலிருந்து கீழாக சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்ற நான்கு குரல்களும் தனித்தனி இழையாகத் தெரிந்தன, நெய்த துணியாகவும் தெரிந்தன. பாடியவர்கள் அவர்களேதான். சுவர் மட்டும்தான் வேறு.

குரலை மட்டும் வைத்துப் பாடுவதை 'ஆ கப்பெல்லா' என்கிறோம். இத்தாலிய மொழியில் 'சிற்றாலய முறைப்படி' என்று பொருள். இசை வகையின் பெயரிலேயே கட்டடம் குடியிருக்கிறது. ஆர்கன் இல்லை, வயலின் இல்லை. பக்கவாத்தியம் வாசிப்பது கல்லும் மரமும் கூரையும்தான். ஆனால் நுழைவுச்சீட்டு வாங்கும்போது நாம் குழுவின் பெயரைப் பார்க்கிறோம், பாடல் பட்டியலைப் பார்க்கிறோம். ஆலயத்தைப் புகைப்படத்துக்காக மட்டும் பார்க்கிறோம். இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு, கட்டடங்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

அளவுகோல் ஒன்று வேண்டும். ஓசை நின்ற பிறகு அது 60 டெசிபல் தேயும்வரை ஆகும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்பார்கள். வியன்னாவின் புகழ்பெற்ற முசிக்ஃபெரைன் அரங்கில், ஆள் நிறைந்திருக்கும்போது, அது ஏறக்குறைய 2 வினாடி. பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தில் 6 வினாடியை ஒட்டி வரும். இஸ்தான்புல்லில், முன்பு பேராலயமாக இருந்து இன்று மசூதியாக உள்ள ஹாகியா சோபியாவில் 10 வினாடியையும் தாண்டும். கூட்டம் கூடினால் இந்த நேரம் குறையும், ஏனென்றால் மனித உடம்பும் துணியும் ஒலியைக் குடிக்கும். ஹார்வர்டில் வாலஸ் சபைன் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இருக்கை மெத்தைகளைச் சுமந்துபோய் அறைக்குள் அடுக்கி அடுக்கி இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார். ஆகவே ஒத்திகையில் கேட்ட ஆலயமும், குளிர்கால இரவில் கம்பளிக் கோட்டு போட்ட ஐந்நூறு பேர் நிறைந்த ஆலயமும் ஒன்றல்ல.

முதலில் பெரிய பேராலயம். அதற்கென்றே பிறந்த இசை உண்டு. 1200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நோத்ர தாமைச் சுற்றி லியோனன், பெரோத்தன் என்ற இருவரின் பெயரோடு வளர்ந்த பலகுரல் இசையில், கீழே ஒரு குரல் ஒரே ஸ்வரத்தை நெடுநேரம் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே மற்றவை சுழலும். 33 மீட்டர் உயரக் கூரைக்குக் கீழே அந்த நீண்ட ஸ்வரம் யார் வாயிலிருந்து வருகிறது என்றே தெரியாமல் கட்டடத்திலிருந்து கசிவதுபோல இருக்கும். முன்பு பாடிய ஸ்வரம் காற்றில் மிச்சமிருக்கும்போதே அடுத்தது வந்து அதன் மேல் படிகிறது. மெதுவான இசைக்கு இது வரம். வேகமான பகுதிக்கு இதுவே சாபம்: மூன்று வினாடி முன்பு முடிந்த சொல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்க, புதுச் சொல் அதில் மோதிச் சிதறும். என் தூண் ஓரக் கதை அதுதான். அன்று அவர்கள் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் பாட்டைப் பாடினார்கள்.

பேராலயத்தின் இன்னொரு சாதகம் இடம். தாமஸ் டாலிஸ் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய நாற்பது குரல் மோட்டெட்டுக்கு (பல குரல்கள் சேர்ந்து பாடும் பக்திப் பாட்டு), ஐந்தைந்து குரலாக எட்டுக் குழுக்கள் நிற்க வேண்டும். அவர்களைக் கேட்பவரைச் சுற்றி நிறுத்தினால், பாட்டு அறைக்குள் நடந்துபோவது தெரியும். அதற்குத் தரை வேண்டும். சிற்றாலயத்தில் நாற்பது பேரை நிறுத்தினால் கேட்பவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

ஆனாலும் என் வாக்கு சிற்றாலயத்துக்கே. கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1446-இல் அடிக்கல், 1515-இல் கல்வேலை முடிவு. பனையோலை விசிறிபோல விரியும் அந்தக் கல்கூரை உலகிலேயே பெரியது. நீளம் 88 மீட்டர், அகலம் 12 மீட்டர்தான், உயரம் 24 மீட்டர். இந்த விகிதத்தில்தான் சூட்சுமம். பக்கச் சுவர்கள் கிட்டத்தில் இருப்பதால் முதல் பிரதிபலிப்பு குரலோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடுகிறது; காது அதைத் தனி எதிரொலியாகப் பிரிக்காமல் குரலின் பருமனாகவே எடுத்துக்கொள்கிறது. உயரத்திலிருந்து வரும் மிச்சம் தாமதித்து, மென்மையாக, வால்போலத் தொடர்கிறது. தெளிவும் கிடைக்கிறது, ஒளிவட்டமும் கிடைக்கிறது. 1918-இலிருந்து அங்கே கிறிஸ்துமஸுக்கு முன்தினம் நடக்கும் ஆராதனையில் ஒரு சிறுவன் தன்னந்தனியாக முதல் சரணத்தைப் பாடித் தொடங்குகிறான். ஒற்றைக் குரல் அவ்வளவு நீளமான கட்டடத்தை நிரப்புவதைக் கேட்டால் நான் சொல்வது புரியும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கட்டடத்தின் நடுவில், 1530-களில் செய்த பெரிய மரத் தடுப்பு நிற்கிறது. தடுப்புக்கு உள்ளே பாடகர்களோடு உட்கார்ந்தால் ஒரு உலகம்; வெளியே முன்மண்டபத்தில் உட்கார்ந்தால் மறுபடியும் மூடுபனி. ஆலயத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய ஆலயங்களில் பாடுபவர்களிடமிருந்து சில மீட்டர் தள்ளிப் போனாலே, நேராக வரும் குரலைவிடச் சுவரில் பட்டு வரும் குரல் அதிகமாகிவிடும். முப்பதாவது வரிசைக்கும் நாற்பதாவது வரிசைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றாவதுக்கும் பத்தாவதுக்கும் உண்டு.

சிஸ்டைன் சிற்றாலயமும் இதே இனம்: 40.9 மீட்டர் நீளம், 13.4 அகலம், 20.7 உயரம். பக்கச் சுவரில் பாடகர்களுக்கென்று ஒரு மாடம். மற்ற ஆலயங்களில் குரலோடு வாத்தியங்களும் சேர்ந்து ஒலித்த காலத்திலும், போப்பின் இந்தச் சிற்றாலயத்தில் குரல் மட்டும்தான். 1770-இல் புனித வாரத்தில் பதினான்கு வயது மோட்சார்ட் இங்கே இசையமைப்பாளர் அலெக்ரியின் 'மிசெரேரே' என்ற பக்திப் பாட்டைக் கேட்டுவிட்டு நினைவிலிருந்து எழுதிவிட்டான் என்று அவன் தந்தை வீட்டுக்குக் கடிதம் எழுதினார். (இன்று அந்தப் பாட்டில் எல்லோரும் காத்திருந்து கேட்கும் உச்ச ஸ்தாயி 'சி' ஸ்வரம் அலெக்ரி எழுதியதே அல்ல, பின்னால் பிரதி எடுப்பதில் நேர்ந்த குழப்பத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. நல்ல பிழை.)

வெனிஸின் புனித மாற்கு ஆலயம் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். ஐந்து குவிமாடம், தங்க மொசைக், எதிரெதிராக நின்று பாடும் இரட்டைக் குழுக்கள். 1527-இல் இசைத் தலைவராக வந்த வில்லார்ட்டும் அவருக்குப் பின் வந்த காப்ரியெலி குடும்பத்து இசையமைப்பாளர்களும் வளர்த்த மரபு. 2007-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கல்லூரிப் பாடகர் குழுவையே வெனிஸுக்கு அழைத்துப்போய், ஆலயம் ஆலயமாகப் பாடவைத்துச் சோதித்தார்கள். பீடத்தின் அருகே, நகரத் தலைவர் டோஜே உட்கார்ந்த இடத்தில் இரண்டு குழுக்களும் தெளிவாகப் பிரிந்து கேட்டன. குவிமாடங்களுக்குக் கீழே பொதுமக்கள் நின்ற நடு மண்டபத்தில் குழம்பின. அந்த இசை யாருடைய காதுக்காக அமைந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். டோஜே இருக்கை கிடைக்காத நமக்கு இது கண்ணுக்கு விருந்து. காதுக்கு இரண்டாம் இடம்தான்.

நேர்மாறான கட்சி லைப்சிக்கின் புனித தோமா ஆலயம். பாக் 1723 முதல் 1750-இல் இறக்கும்வரை வேலை பார்த்த இடம். மார்ட்டின் லூத்தருக்குப் பிறகு பிரசங்கம் கேட்பது முக்கியமாகிவிட்டதால், இப்படிப்பட்ட ஆலயங்களில் மர மாடங்களும் மர இருக்கைகளும் நிறைந்தன; மரமும் மக்களும் சேர்ந்து கல்லின் முழக்கத்தை அடக்கினார்கள். ஹோப் பேகனல் என்ற ஒலியியல் அறிஞர் 1930-இலேயே இதைச் சுட்டிக்காட்டினார்: பாக்கின் வேகமான, பின்னலான எழுத்துக்கு இந்த வறண்ட அறைதான் இடம் கொடுத்தது. 1880-களின் புதுப்பித்தலில் பாக் காலத்து உள் அலங்காரம் பெரும்பாலும் போய்விட்டது. அப்படியிருந்தும், கோதிக் பேராலயத்தில் கஞ்சியாகக் குழைந்த அதே மோட்டெட் இங்கே சோறாகப் பருக்கை பருக்கையாக நிற்கிறது. 1212-இலிருந்து தொடரும் சிறுவர் குழு வெள்ளிக்கிழமை மாலையும் சனிக்கிழமை பிற்பகலும் 'மோட்டெட்டே' என்ற பாட்டு ஆராதனை நடத்துகிறது. ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: பாக்கின் மோட்டெட்டுகளில் ஒன்றுக்காவது, குரலோடு கூடவே வாசிக்க வாத்தியப் பகுதிகள் கிடைத்துள்ளன. ஆகவே குரல் மட்டும் என்பது இவருக்கு விதியாக இருந்திருக்காது.

கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில், குறிப்பாக ரஷ்ய மரபில், வாத்தியத்துக்கே இடமில்லை. ஒப்பீடு அங்கே சுலபம். பேஸ் குரல்களுக்காகப் போவதென்றால் அங்கே போங்கள். நின்றுகொண்டே கேட்க வேண்டியிருக்கும்.

ஆலயமே வேண்டாம், அரங்கம் போதும் என்பவர்களும் உண்டு. நல்ல இருக்கை, சூடான அறை, மறைக்கத் தூண் இல்லை. பிழையும் துல்லியமாகக் கேட்கும். ஆனால் 2 வினாடி முழக்கத்தில் மறுமலர்ச்சிக் காலப் பாட்டு கொஞ்சம் அம்மணமாக நிற்கும். மூச்சு வாங்கும் இடைவெளியை மூட எதுவும் இல்லை. இதற்கு மாற்றாக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு வேடிக்கை செய்தார்கள். ஹாகியா சோபியாவுக்குள் பலூன்களை வெடித்து அந்த ஓசையைப் பதிவுசெய்து, கட்டடத்தின் கைரேகையைக் கணினியில் எடுத்தார்கள். 2013-இல் கப்பெல்லா ரொமானா குழு ஒரு நவீன அரங்கில் பாட, அந்தக் கைரேகை வழியாகக் குரல்கள் பத்து வினாடிக்கு மேல் நீண்டன. ஹாகியா சோபியாவில் ஒலித்த பைசாந்தியப் பாட்டில் ஒரு பிரிவினர் ஆதார சுருதிபோல ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பது ஏன் அவ்வளவு பொருத்தம் என்று அப்போது விளங்கியது. அந்தக் கட்டடத்தில் அந்த இசையைக் கேட்க வேறு வழி இல்லாதபோது இது பெரிய கொடைதான். ஆனால் நோத்ர தாமின் நிஜக் கல் 2024 டிசம்பரில் மறுபடி கதவைத் திறந்துவிட்டது. நிஜம் திறந்திருக்கும்போது நகலுக்கு ஏன் போவது?

இதுவரை கட்டடங்களுக்குள் போட்டி. அதே கட்டடத்துக்குள்ளேயே இன்னொரு போட்டி இருக்கிறது: சீட்டு வாங்கிக் கேட்கும் கச்சேரியா, மாலை ஆராதனையா? என் தீர்ப்பு பலருக்குப் பிடிக்காது. மெழுகுவத்தி ஏற்றி, பிரபலமான பாட்டாகப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் வாங்கும் கச்சேரியில் ஒரு பெரிய நஷ்டம் நடக்கிறது. கடைசி ஸ்வரம் கூரைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் கைதட்டல் அதை அடித்துவிடுகிறது. ஐந்து வினாடி முழக்கத்துக்காகவே ஆலயத்துக்கு வந்துவிட்டு, அந்த ஐந்து வினாடியை நாமே கொல்கிறோம்.

இங்கிலாந்துப் பேராலயங்களின் மாலை ஆராதனையில் கைதட்டல் கிடையாது, சீட்டும் கிடையாது. குழு இரண்டாகப் பிரிந்து எதிரெதிரே நிற்கும். தெற்குப் பக்கம் டெக்கானி, வடக்குப் பக்கம் கண்டோரிஸ். பைபிளின் சங்கீதப் புத்தக வசனங்கள் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் பந்துபோல மாறும். பார்க்க வந்தவர்களையும் பல சமயம் பாடகர்களின் வரிசையை ஒட்டிய மர இருக்கைகளிலேயே உட்காரவிடுகிறார்கள். அந்தச் சில மீட்டர் கணக்கு இங்கே நமக்குச் சாதகமாகிவிடுகிறது. குறையும் உண்டு. பெரும்பாலான நாட்களில் ஆர்கன் கூட வரும். ஆனால் ஆலயங்கள் வெளியிடும் இசைப் பட்டியலில் ஆர்கன் இல்லாத நாட்களைக் குறித்தே போடுவார்கள். அந்த நாளைப் பார்த்துப் போக வேண்டும். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் கச்சேரி நிறைவு வராது என்று ஒரு நண்பர் வாதாடுவார். வாரத்தில் மூன்று நாள் போகலாமே என்பேன்.

கச்சேரிக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆராதனையில் நாற்பது குரல் மோட்டெட் கிடைப்பது அபூர்வம். டாலிஸ் ஸ்காலர்ஸ், தி சிக்ஸ்டீன் போன்ற தொழில்முறைக் குழுக்களின் சுருதி சுத்தமும் தினப்படிப் பாட்டில் எப்போதும் கிடைக்காது. வாத்தியம் இல்லாத பாட்டில் சுருதி மெல்ல இறங்குவது சகஜம், யாருக்கும் தெரியாமல் இறங்கும். ஒருமுறை ஒரு குழு பத்து நிமிடம் அற்புதமாகப் பாடி முடித்தது. அடுத்த நொடி ஆர்கன்காரர் இறுதிப் பாட்டின் முதல் கட்டையை அழுத்தினார். அரை ஸ்வரம் இடைவெளி. பாடகர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முழக்கம் நீண்ட ஆலயமாக இருந்ததால் இரண்டு சுருதியும் சில வினாடி கைகோத்துக்கொண்டு கூரையில் சுற்றின.

ஊருக்கு ஒரே ஒரு மாலை மட்டும் கிடைத்தால் நான் செய்வது இது. பாட்டு பெரோத்தன் அல்லது மறுமலர்ச்சிக் கால இசையமைப்பாளர் பாலஸ்திரினா எழுதியது என்றால் கல் ஆலயம். பாக் என்றால் மர மாடம் உள்ள ஆலயம். என்ன பாடுவார்கள் என்றே தெரியாவிட்டால் குறுகிய சிற்றாலயத்தில் ஆர்கன் இல்லாத நாள் ஆராதனை. அரை மணி நேரம் முன்பே போய், வாசலில் நிற்கும் ஆலயப் பணியாளரிடம் பாடகர் வரிசைப் பக்கம் இடம் இருக்கிறதா என்று கேட்பேன். வார நாட்களில் பெரும்பாலும் இருக்கும்.